மைலேஜ் குறைந்தால் பழி முழுவதும் எத்தனாலுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலப்பு 20 சதவீதத்துக்கு வந்ததிலிருந்து, கார் மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிற புகார் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 14தான் ஓடுகிறது, எல்லாம் எத்தனால் செய்த வேலை என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கார் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எத்தனால் மைலேஜைக் குறைக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் 20 சதவீதத்துக்கு நேராகத் தாவவில்லை; 2022லேயே 10 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டோம். 10லிருந்து 20க்குப் போகும்போது குறைகிற எரிசக்தி மூன்றரை சதவீதம் அளவுதான். கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. அந்தப் பெரிய கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 18 ஓடிய வண்டி 17க்குச் சற்றுக் கீழே வர வேண்டும். 14க்கு இறங்கினால் அது 22 சதவீதம். மிச்சம் 15 சதவீதம் வண்டியில்தான் எங்கோ போகிறது, அதைத் தேடினால் கிடைக்கும்.

தேடுவதற்கு முன் குறைந்தது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். மீட்டர் போர்டில் ஓடும் சராசரி மைலேஜை நம்பக் கூடாது. அது காரில் உள்ள கணினி போடும் மதிப்பீடு; பெரும்பாலும் கூட்டியே காட்டும், எங்கே ரீசெட் செய்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், நாஸில் தானாக 'டக்'கென்று நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். அதற்கு மேல் 'ரவுண்டா போடுங்க' என்று அழுத்த விடாதீர்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு வருகிற எண்தான் எண். 500 ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் லைட் வரும் வரை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

கிலோமீட்டர் மீட்டரும் ஏமாற்றும். டயர் மாற்றும்போது கொஞ்சம் பெரிய அளவு போட்டிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு 2, 3 சதவீதம் கூடிவிடும். அப்போது வண்டி உண்மையில் ஓடுவதைவிட மீட்டர் அந்த அளவு குறைவாகப் பதியும், வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே காகிதத்தில் மைலேஜ் குறையும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கிலோமீட்டர் ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,300 கிலோ வரும் ஒரு காரை அந்த உயரத்துக்கு ஏற்ற மட்டும் அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். சமதளத்தில் 18 கொடுக்கும் வண்டி கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போது 15, திரும்பி இறங்கும்போது 21 காட்டினால் அது பழுதில்லை. முன்பு தர்மபுரிக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தவர் இப்போது வேலைக்கு ஓசூர் போய் வருகிறார் என்றால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடவே முடியாது. போக, வர இரண்டையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குறைவு நிற்கிறது என்றால் வண்டியைப் பார்க்கலாம். காசு செலவில்லாதவற்றை முதலில் பார்ப்பதுதான் முறை. டயர் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்; சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30, 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பக்கம். இது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய் பங்கில் பிடித்தால் சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அங்கே 32 என்று நிறுத்தினால் மறுநாள் காலை 28தான் இருக்கும். ஆனால் காற்றை ஒழுங்காக வைத்தால் மட்டும் மூன்று நான்கு கிலோமீட்டர் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று நன்றாகக் குறைந்த டயரால் வீணாவதும் 3 சதவீதம் அளவுதான்.

அதைவிட அதிகம் தின்பது ஒட்டி ஓடும் பிரேக். டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் நகர்கிற ஊசி (பின்) காய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பின் சக்கர டிரம் பிரேக் முழுவதும் விடாமல் இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டி கொஞ்சம் 'கனமா' இருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் போல அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நான்கு வீலின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் வீல் இரண்டும் ஒரே சூட்டிலும், பின் வீல் இரண்டும் ஒரே சூட்டிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் கோளாறு. பிறகு சமதளத்தில் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் அந்த வீலைக் கையால் சுற்றினால் ஒட்டுவது தெரியும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள சிலிகோன் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். அதனால்தான் 'போன வாரம்தான் பார்த்தோம்' என்கிற வண்டியே திரும்ப வருகிறது.

அடுத்தது எங்கள் தொழிலே செய்துவைக்கிற வேலை. சித்திரை வெயிலில் வண்டி சூடாகிறது என்று வந்தால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு அனுப்புவது நெடுநாள் பழக்கம். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்' என்பார்கள். அந்த வால்வு 82லிருந்து 88 டிகிரி வரும் வரை மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதனால்தான் என்ஜின் சீக்கிரம் சூடேறி 90 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வால்வு இல்லையென்றால் நெடுஞ்சாலைக் காற்றில் என்ஜின் 65, 70ஐத் தாண்டுவதே இல்லை. கணினியோ, இன்னும் என்ஜின் சூடாகவில்லை என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஓடுகிற வண்டிகளில் இது இன்னும் மோசம். இந்த ஒன்றே மைலேஜில் பத்து சதவீதத்தைச் சாப்பிட்டுவிடும்.

புதிய கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளே இல்லை. அதனால் இது கண்ணில் படுவதில்லை. ஆனால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் வரை அது சில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று நன்றாகச் சூடாக வேண்டும். முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்ற ஆரம்பிக்கும், சட்டை நுனியும் துண்டும் பத்திரம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அப்படியானால் வண்டி முதலில் ஏன் சூடானது? பெரும்பாலும் போர்வெல் தண்ணீரால். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். நம் இரு மாவட்டத்து ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். பாத்திரத்தில் படிகிற வெள்ளை உப்பே ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைபட்டதும் சூடு ஏறுகிறது, சூட்டுக்கு மருந்தாக வால்வைக் கழற்றுகிறார்கள், வால்வு போனதும் மைலேஜ் போகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றி, புது வால்வு போட்டால் சூடும் மைலேஜும் சேர்ந்தே சரியாகும்.

இனி ஸ்கேனர். 2013க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியில் உள்ள எண்களைப் படிக்க ஓபிடி சாக்கெட் இருக்கும். செல்போனோடு இணைகிற சிறிய புளூடூத் கருவியே போதும். பலர் செக் லைட் எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று நினைக்கிறார்கள். லைட் எரியும் முன்பே எண்கள் பேசிவிடும். முதலில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள், மேலே சொன்னது உறுதியாகும். அடுத்து 'லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம்'. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையை முகர்ந்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று சொல்லும். குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு சேர்ப்பதுபோல கணினி அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கும். அப்படி எத்தனை சதவீதம் திருத்துகிறது என்பதுதான் இந்த எண்.

பழைய கார் ஒன்றில் 20 சதவீத எத்தனால் போட்டிருக்கும்போது இந்த எண் பிளஸ் 3, 5 என்று இருந்தால் இயல்பு. எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும் என்பதால் கணினி அந்த அளவு எரிபொருளைக் கூட்டுகிறது. பிளஸ் 15, 20 என்றால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது, அல்லது டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் பலவீனம். இரண்டையும் பிரிக்க வழி உண்டு. ஐடிலில் (வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடும்போது) எண் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்குவம் ஹோஸ் வெடிப்பு. மேட்டில் அழுத்தும்போது எண் ஏறினால் பம்ப் அல்லது ஃபில்டர். சைலன்சர் பைப் சென்சாருக்கு முன்னால் ஓட்டையாக இருந்தாலும் பிளஸ்தான் காட்டும், இதுதான் மைலேஜுக்கு ஆகாதது. வெளிக்காற்று உள்ளே இழுபட, சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று பொய் சொல்ல, கணினி தேவையில்லாமல் ஊற்றும். மைனஸ் 12, 18 என்று இறங்கினால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஆட வேண்டும். ஒரே இடத்தில் தூங்கினாலோ சோம்பலாக அசைந்தாலோ சென்சார் வயதாகிவிட்டது. அதை மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் இந்த ஆட்டத்தை ஸ்கேனரில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே சம்மதியுங்கள், விலை கொஞ்சநஞ்சமில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விஷயம் தெரியும். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. கரிப் பொடியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது. சாதாரண நிக்கல் பிளக் 30, 40 ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்து இடைவெளி கூடிவிடும். இரிடியம் பிளக் 80 ஆயிரத்துக்கு மேலும் தாங்கும். ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டால், எரியாத ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றி, நல்ல சிலிண்டர்களுக்கும் கூடுதல் பெட்ரோலை வாங்கித் தந்துவிடும்.

மைலேஜ் என்றதும் எல்லோரும் முதலில் மாற்றுவது ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இன்றைய வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் விடப்படுகிறது. ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. அதற்காக விட்டுவிடவும் கூடாது. கிரானைட் குவாரி, கிரஷர் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்குப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றலாம். ஆனால் கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்துத் 'துப்புரவு' செய்தால் காகிதம் கிழிந்து, தூள் நேராக என்ஜினுக்குள் போகும். அதற்குப் பழைய ஃபில்டரே மேல்.

ஆயிலையும் கவனியுங்கள். 0டபிள்யூ-20 என்கிற மெல்லிய ஆயில் கேட்கும் வண்டிக்கு 'நல்லா கெட்டியா இருக்கும்' என்று 20டபிள்யூ-40 ஊற்றினால் 2, 3 சதவீதம் அங்கேயே போய்விடும். கிளட்ச் வழுக்கினாலும் போகும். மேட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அதுதான். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வண்டியின் மேல் கேரியர் வேறு. கார்த்திகையில் சபரிமலைக்குக் கட்டியது சித்திரை வரை அப்படியே இருக்கும்; வேகம் கூடக்கூட அது தின்னும் பெட்ரோலும் ஏறும். 80லிருந்து 110க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

டீசல் கார்களில் எத்தனால் பேச்சே இல்லை. அங்கே மைலேஜ் குறைந்து கரும்புகையும் வந்தால் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு, அல்லது புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு கரியேறி நிற்பது. 2020 முதல் வரும் பிஎஸ்6 டீசல் காரை ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடிக்கடி கரியை எரிக்க டீசலைச் செலவழிக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே வந்தால், எரிக்க அனுப்பிய டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுவதே இதற்கு மருந்து. ஆயில் ஏற்கெனவே ஏறியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

தொப்பூரைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். மைலேஜுக்காகத் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய என்ஜின் இன்ஜெக்டரை முழுக்க மூடிவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டுதான் இருக்கும். என்ஜின் பிரேக் இல்லாததால் வேகமும் ஏறும். பிரேக்கை மிதித்தே இறங்கினால் டிஸ்க் கொதித்து, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். அந்தக் கணவாயில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது தங்கள் நாளிதழைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல நுகர்வோருக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. வண்டியின் பெயரில் சண்டை போடுவதைவிட இது ஐந்து நிமிட வேலை.

எங்கள் கோரிக்கைகள் சில. பம்பில் ஊற்றப்படும் பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பதைத் தமிழில், கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். இலவசக் காற்று தர வேண்டியது பங்குகளின் கடமை; ஆனால் பல இடங்களில் கருவி பழுது, இருக்கும் கருவியும் சரியாகக் காட்டுகிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. அதிகாரிகள் அளவையைச் சோதிக்க வரும்போது காற்று மீட்டரையும் சேர்த்துப் பார்க்கலாம். வாகன உரிமையாளர்களிடம் கேட்பது: சர்வீஸ் பில்லில் ஊற்றிய ஆயிலின் கிரேடு, போட்ட பிளக்கின் எண், கூலன்ட்டின் பெயர், தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்பது வரை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் அடுத்த முறை வண்டியை விட வேண்டாம்.

இப்படிக்கு,
கார் பழுது பார்க்கும் தொழிலில் உள்ளோர் சிலர்,
கிருஷ்ணகிரி.